கூண்டுக்குள்ளிருந்து பார்த்த கதை

1968இல் வெளிவந்த 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' ஒரு விண்கலத்துக்குள் தொடங்குகிறது. டெய்லர் என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் கையில் சுருட்டோடு உட்கார்ந்து, மனித இனத்தின் மீது தமக்குள்ள கசப்பைப் பதிவுக் கருவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2011இல் வெளிவந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' ஒரு காட்டுக்குள் தொடங்குகிறது. சிம்பன்சிக் கூட்டம் ஒன்று தன்பாட்டுக்கு நடந்துபோகிறது. ஆட்கள் வந்து வளைக்கிறார்கள். கூட்டம் சிதறி ஓடுகிறது. பெண் சிம்பன்சி ஒன்று பிடிபட்டுப் பெட்டிக்குள் அடைபடுகிறது.

முதல் படத்தில் மனிதன் குரங்குகளின் உலகத்தில் போய்ச் சிக்குகிறான். இரண்டாவதில் குரங்கு மனிதர்களின் உலகத்துக்கு இழுத்து வரப்படுகிறது. இரண்டுக்கும் இடையே 43 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரு பழைய கதையை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கான பாடம் முழுவதும் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணினி வரைகலையைத்தான் முதலில் புகழ்கிறார்கள். அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் புதிய படங்கள் பழையவற்றைவிட உயர்ந்து நிற்க முதற்காரணம், கதையைப் பார்க்கும் கண் இடம் மாறியதுதான் என்று நான் நம்புகிறேன். மற்ற முன்னேற்றங்கள் எல்லாம் அந்த ஒரு முடிவின் பின்னால் வந்தவை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் குரங்குக் கதையை முதலில் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், எழுத்தாளராவதற்கு முன் இதே மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தொடர்பு இந்தப் படங்களை எனக்கு வேறு விதமாகக் காட்டியது.

துரையின் பயம்

பியர் பூல் 1912இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர். பொறியியல் படித்தவர். 1936இல் மலாயாவுக்கு வந்து பிரிட்டிஷ் ரப்பர் தோட்டத்தில் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். உலகப் போர் வந்ததும் சுதந்திர பிரெஞ்சுப் படையின் பக்கம் போனார். இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையில் கட்டாய உழைப்புக்கு ஆளானார், பிறகு தப்பினார். 1952இல் அவர் எழுதிய நாவல்தான் 'கொவாய் நதிப் பாலம்'. 1963இல் எழுதியது 'குரங்குகளின் கிரகம்'.

நாவலில் வரும் குரங்குகளுக்கு நகரம் உண்டு, கார் உண்டு, விமானம் உண்டு. அப்படியொரு நகரத்தை நிர்மாணிக்கப் பணம் போதாது என்பதால்தான் 1968 படத்தில் அவை மண் குகை போன்ற வீடுகளில் குடியிருக்கின்றன. நாவலில் குரங்குகள் ஆட்சிக்கு வந்த விதம் கவனிக்க வேண்டியது. மனிதர்கள் அவற்றை வீட்டு வேலைக்குப் பழக்குகிறார்கள். மனிதர்கள் சோம்பிப்போகப்போக, வேலை செய்யும் குரங்குகள் துணிச்சல் பெறுகின்றன. கடைசியில் எஜமானர்களை வீட்டைவிட்டே துரத்துகின்றன.

அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குத் தோட்டத்துத் துரை பங்களாதான் நினைவுக்கு வந்தது. வேலைக்காரன் ஒரு நாள் வீட்டையே பிடித்துக்கொள்வான் என்பது வேலை வாங்குகிறவனுடைய பயம். காலனிய ஆட்சி உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய நாவல் அது. பூல் எதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. என் வாசிப்பில் அது மேலே இருந்தவன் கீழே விழுவதைப் பற்றிய கதை. கீழே இருந்தவனுக்கு என்ன தோன்றியது என்று அந்த நாவல் கேட்பதில்லை.

பழைய ஐந்து படங்கள்

ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கிய 1968 படம் இன்றைக்கும் பார்க்கத் தகுந்தது. சார்ல்டன் ஹெஸ்டன் டெய்லராக நடித்தார். தொண்டையில் அடிபட்டுப் பேச்சிழந்த டெய்லரைக் குரங்குகள் கூண்டில் அடைக்கின்றன. மனிதர்களுக்குப் பேசத் தெரியாது என்பது அவற்றின் முடிந்த முடிவு. ஸீரா என்னும் பெண் சிம்பன்சி மருத்துவர் அவருக்குப் 'பிரைட் ஐஸ்' என்று செல்லப்பெயர் வைக்கிறாள். கடற்கரை மணலில் பாதி புதைந்து கிடக்கும் சுதந்திர தேவி சிலையோடு படம் முடியும்போது, அது வேற்றுக் கிரகமில்லை, நம்முடைய பூமிதான் என்று தெரிகிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த எந்தத் தொடர்ச்சியும் அந்த முடிவை மிஞ்சவில்லை. கிள்ளான் திரையரங்கில் சிறுவனாக அதைப் பார்த்த என் தலைமுறைக்கு அது மறக்காது.

ஆனாலும் அந்தப் படத்தின் கண் டெய்லருடையது. நாம் அவரோடு ஓடுகிறோம், அவரோடு கூண்டில் கிடக்கிறோம், அவரோடு சிலைக்கு முன்னால் மண்டியிடுகிறோம். குரங்குச் சமுதாயம் நமக்கு ஒரு வேடிக்கை. நம்மைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி. ஸீராவும் அவளுடைய துணைவன் கொர்னீலியஸும் நல்லவர்கள், ஏனென்றால் அவர்கள் டெய்லருக்கு உதவுகிறார்கள்.

படம் வசூலைக் குவித்ததால் 1970 முதல் 1973 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு தொடர்ச்சிகள் வந்தன. பணம் படத்துக்குப் படம் சுருங்கியது. இரண்டாவது படத்தின் முடிவில் பூமியே வெடித்துச் சிதறுகிறது. வெடித்துப்போன கதையை எப்படித் தொடர்வது? மூன்றாவது படத்தில் மூன்று சிம்பன்சிகளை விண்கலத்தில் ஏற்றி, காலத்தில் பின்னோக்கி 1970களின் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பிறக்கும் குழந்தைதான் பிற்பாடு சீசர் ஆகிறான்.

1972இல் வந்த நான்காவது படமான 'கான்குவெஸ்ட்' தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஜே. லீ தாம்சன் இயக்கினார். விண்வெளியிலிருந்து வந்த ஒரு நோயில் நாய்களும் பூனைகளும் அழிந்துபோக, மனிதர்கள் குரங்குகளை வளர்ப்புப் பிராணியாக்கி, பிறகு அடிமைகளாக்கிவிடுகிறார்கள். சீசர் கலகத்துக்குத் தலைமை தாங்குகிறான். 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கறுப்பின மக்களின் எழுச்சியை நினைவூட்டும்படி அந்தக் கலகக் காட்சிகளை எடுத்தார்கள். முன்னோட்டம் பார்த்தவர்கள் மிரண்டுபோனதால் முடிவு மாற்றப்பட்டு, சீசரின் வாயில் சமாதானப் பேச்சு ஒட்டப்பட்டது. கதையின் கண் கீழே இருப்பவன் பக்கம் முதன்முதலாகத் திரும்பியது இந்தப் படத்தில்தான். புதிய தொடரின் வேர் இங்கே இருக்கிறது. அன்றைக்குக் கையில் பணமும் இல்லை, முடிவு வரை போகும் துணிவும் இல்லை.

பணம் இருந்தும் வழி தவறிய படம்

2001இல் டிம் பர்ட்டன் இந்தக் கதையை மறுபடி எடுத்தார். செலவு 10 கோடி டாலர். ரிக் பேக்கரின் ஒப்பனை அபாரமானது. டிம் ராத் நடித்த தேட் என்னும் சிம்பன்சித் தளபதி பாயும்போதும் உறுமும்போதும் மிரட்டுகிறார். உலகமெங்கும் சுமார் 36 கோடி டாலர் வசூல். இருந்தும் அதற்குத் தொடர்ச்சி வரவில்லை.

காரணம் தெளிவு. மறுபடியும் ஒரு விண்வெளி வீரர், மறுபடியும் ஒரு விபத்து, மறுபடியும் தப்பியோட்டம். பழைய படத்தின் அதிர்ச்சி முடிவுக்குப் போட்டியாக, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் லிங்கன் இருக்க வேண்டிய இடத்தில் தேட் உட்கார்ந்திருப்பதாகக் காட்டினார்கள். அது எப்படி நடந்தது என்று பலருக்கும் புரியவில்லை. பழைய வீட்டுக்கு வெளிப்பூச்சு மட்டும் புதிதாக அடித்த மாதிரி ஆயிற்று.

மகனாகத் தொடங்கியவன்

2011 படத்தை ரிக் ஜாஃபாவும் அமான்டா சில்வரும் எழுதினார்கள். ரூபர்ட் வயட் இயக்கினார். விண்கலம் கிடையாது, காலப் பயணம் கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம். வில் ராட்மன் என்னும் விஞ்ஞானியின் தந்தைக்கு அல்சைமர் நோய். நினைவு உதிர்ந்துகொண்டிருக்கும் தகப்பனைக் காப்பாற்ற அவர் ஒரு மருந்து தேடுகிறார். அந்த மருந்து ஒரு சிம்பன்சிக்குச் செலுத்தப்படுகிறது. காட்டில் பிடிபட்ட அதே பெண் சிம்பன்சி. ஆய்வுக்கூடத்தில் அதன் பெயர் 'பிரைட் ஐஸ்'. அன்று கூண்டிலிருந்த மனிதனுக்குக் குரங்கு வைத்த பெயர், இன்று கூண்டிலிருக்கும் குரங்குக்கு. எழுத்தாளர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது அந்த ஒரு பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

அதன் குட்டிதான் சீசர். வில் அவனைத் தம் வீட்டில் வளர்க்கிறார். மாடி அறையின் வட்டச் சன்னல் வழியே அவன் உலகத்தைப் பார்க்கிறான். ஒரு நாள் காட்டுப் பாதையில் கழுத்துவாரோடு போகும் நாயொன்றைப் பார்த்து, தன் கழுத்திலும் வார் இருப்பதை உணர்கிறான். நான் வளர்ப்புப் பிராணியா என்று சைகையில் வில்லிடம் கேட்கிறான். வில்லிடம் சரியான பதில் இல்லை. அன்பு இருக்கிறது, சமத்துவம் இல்லை. இந்தத் தொடரின் ஆழமான இடங்களில் இது ஒன்று. கெட்டவர்கள் அடிமைப்படுத்துவதைக் காட்டுவது எளிது. நல்லவர் ஒருவர் பாசத்தோடு கட்டிவைத்திருப்பதைக் காட்டுவதற்குத் தெளிவு வேண்டும்.

வில்லின் தந்தையை அண்டை வீட்டுக்காரர் மிரட்டும்போது சீசர் பாய்ந்து கடிக்கிறான். சட்டம் அவனைக் குரங்குக் காப்பகத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கூண்டின் சுவரில் அவன் வீட்டுச் சன்னலைச் சுண்ணக்கட்டியால் வரைகிறான். வீடு திரும்ப வழியில்லை என்று தெரிந்ததும் கையால் அழிக்கிறான். வில் ஒருவழியாக அவனை அழைத்துப்போக வரும்போது, திறந்த கதவைச் சீசரே இழுத்து மூடுகிறான். பிள்ளை என்ற நிலையை விட்டு இனம் என்ற இடத்துக்கு அவன் வந்து சேர்வது அங்கேதான். வசனம் எதுவுமில்லை, ஒரு கதவுதான்.

அதற்குப் பிறகு, காவலன் மின்தடியை ஓங்கும்போது சீசரின் தொண்டையிலிருந்து முதல் சொல் வெடிக்கிறது: "நோ!" படத்தில் அதுவரை அவன் வாய் திறந்து பேசியதில்லை. 1968 படத்தில் குரங்குகள் தாம் தோன்றும் முதல் காட்சியிலிருந்தே சரளமாக ஆங்கிலம் பேசின. இங்கே ஒரு சொல்லுக்கு ஒரு படமே காத்திருக்கிறது. அந்தச் சொல் வேண்டுகோளாகவோ நன்றியாகவோ இல்லாமல் மறுப்பாக இருப்பதில் இந்தத் தொடரின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முகமூடியிலிருந்து முகத்துக்கு

இப்போது தொழில்நுட்பத்துக்கு வரலாம். 1968 படத்தின் ஒப்பனையாளர் ஜான் சேம்பர்ஸ், போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்து கைதேர்ந்தவர். அந்த அனுபவத்தை வைத்து நுரை ரப்பரில் துண்டு துண்டாகக் குரங்கு முகம் செய்து, நடிகரின் தசை அசைந்தால் மேலே ஒட்டியதும் அசையும்படி அமைத்தார். ஒப்பனைக்கு ஆஸ்கரில் தனிப்பிரிவே இல்லாத காலம் அது. அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். படப்பிடிப்பின் சாப்பாட்டு வேளையில் சிம்பன்சி வேடக்காரர்கள் சிம்பன்சிகளோடும் கொரில்லா வேடக்காரர்கள் கொரில்லாக்களோடும் தாமாகவே தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்று அந்தப் படத்தைப் பற்றிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேடம் உள்ளே இறங்கியிருந்தது.

எனினும் ரப்பருக்கு ஓர் எல்லை உண்டு. உதடு அசையும், உதட்டோரம் துடிக்காது. குரங்கை நாயகனாக்க வேண்டுமென்றால், அதுவும் பேசாத நாயகனாக்க வேண்டுமென்றால், முகத்தின் ஒவ்வொரு சிறு அசைவும் வேண்டும். அந்தத் தேவைதான் நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரிலுள்ள வேட்டா நிறுவனத்திடம் 2011 படக்குழுவைக் கொண்டுபோனது.

சீசராக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் கொல்லமாக நடித்தவர் இவர்தான். சாம்பல் நிற இறுக்க உடை, உடையெங்கும் குறியீட்டு விளக்குகள், முகத்தில் புள்ளிகள், தலையிலிருந்து நீண்ட கம்பியின் நுனியில் முகத்தைப் பார்த்தபடி ஒரு சிறு கேமரா. அவர் நடிக்க நடிக்க அசைவுகள் எல்லாம் தரவாகப் பதிவாகும். பிறகு ஓவியர்களும் அசைவூட்டக் கலைஞர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, மனித முகத்தின் உணர்ச்சியைச் சிம்பன்சி முகத்தின் எலும்புக்கும் தசைக்கும் ஏற்றபடி மாற்றிப் பொருத்துவார்கள். நடிப்பு செர்கிஸுடையது, முகத்தைக் கட்டியது நூற்றுக்கணக்கானவர்களின் கை. இரு தரப்புக்குமே அந்தப் பெருமை சேர வேண்டும்.

இதற்கு முன் இந்தமாதிரிப் பதிவு பெரும்பாலும் மூடிய அரங்குக்குள்தான் நடக்கும். வெயிலில் குறியீடுகளைக் கேமரா சரியாகப் பிடிக்காது. அகச்சிவப்பு விளக்குகளைக் குறியீடுகளாக வைத்து 2011 படத்தில் வெட்டவெளியில் எடுத்தார்கள். 2014 படத்துக்காக மழைக்காட்டுக்கே கருவிகளைச் சுமந்துபோனார்கள். அதனால் குரங்காக நடிப்பவரும் மனிதராக நடிப்பவரும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து நடிக்க முடிந்தது. டெர்ரி நோட்டரி நடிகர்களுக்குக் குரங்கு நடையைப் பழக்கினார். கைகளில் குட்டையான ஊன்றுகோல்கள் பொருத்தி நாலு காலில் ஓடவைத்தார். மாரிஸ் என்னும் ஓராங் ஊத்தானாக நடித்தவர் காரின் கொனவால் என்ற பெண்மணி. அந்தப் பெயர் 1968 படத்தில் டாக்டர் ஸாயஸ் என்னும் ஓராங் ஊத்தானாக நடித்த மாரிஸ் எவன்ஸுக்குச் செய்த மரியாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001 படத்தில் உண்மையான சிம்பன்சிகளை நடிக்கவைத்தார்கள். குரங்குகள் மனிதனின் கூண்டிலிருந்து விடுபடும் கதையைப் பிடித்துப் பழக்கிய குரங்கை வைத்து எடுப்பது முரண். 2011 படத்தில் உண்மைக் குரங்கு ஒன்றுகூட இல்லை.

எந்தளவு அறிவியல்

பழைய தொடரில் குரங்குகள் ஆட்சிக்கு வர விண்வெளி நோயும் காலப் பயணமும் தேவைப்பட்டன. புதிய தொடர் ஒரு கிருமியை மட்டும் எடுத்துக்கொண்டது. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க, வீரியம் நீக்கிய வைரஸை வாகனமாகப் பயன்படுத்துவது இன்றைய மரபணு மருத்துவத்தில் உண்மையாகவே நடக்கிறது. படத்தின் மருந்து அந்த வகை. குரங்குகளுக்கு அறிவைக் கூட்டுவதாகவும் மனிதர்களைக் கொல்வதாகவும் அதன் விளைவுகள் காட்டப்படுவது கற்பனை. கடிபட்ட அதே அண்டை வீட்டுக்காரர் ஒரு விமானி. இருமிக்கொண்டே அவர் விமான நிலையத்துக்குள் நுழைய, உலக வரைபடத்தில் ஊருக்கு ஊர் கோடுகள் கிளைத்துப் பரவுவதோடு படம் முடிகிறது. 2020க்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கிற யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

குரங்கு பேசுமா? 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மக்காக் குரங்கின் தொண்டையும் வாயும் எந்தெந்த வடிவங்களை எடுக்க முடியும் என்று எக்ஸ்ரே படமெடுத்து ஆராய்ந்தார்கள். பேச்சுக்குப் போதுமான ஒலிகளை எழுப்பும் அமைப்பு அதற்கு இருக்கிறது, அதை ஆள்கிற மூளை வசதிதான் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். மூளை மாறியதால் சீசர் பேசுகிறான் என்று ஐந்தாண்டுகளுக்கு முன்பே எழுதியவர்கள் அந்த அளவில் சரியான பாதையில்தான் இருந்திருக்கிறார்கள்.

படம் வந்த அதே 2011ஆம் ஆண்டின் டிசம்பரில், சிம்பன்சிகளை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் அறிக்கை கொடுத்தது. 2015இல் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய ஆய்வுகளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. இதைப் படம் செய்தது என்று நான் சொல்லவில்லை. காலத்தின் மனசாட்சி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் படம் சரியாகப் பிடித்திருந்தது.

கோபாவின் தழும்புகள்

2014இல் வந்த 'டான்' படத்தை மேட் ரீவ்ஸ் இயக்கினார். பெருநோயில் மனித குலம் கரைந்துபோய்ப் பத்தாண்டுகள். காட்டில் குரங்குகளுக்கு ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, குரங்கு குரங்கைக் கொல்லாது என்ற சட்டம் இருக்கிறது. சீசரின் கண்களில் தொடங்கிச் சீசரின் கண்களிலேயே படம் முடிகிறது. தொடக்கத்தில் நெடுநேரம் மனிதரே இல்லை. குரங்குகள் வேட்டையாடுகின்றன, சைகையில் பேசுகின்றன, கீழே எழுத்தில் அதைப் படிக்கிறோம். கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு கோடைக்காலப் படம் இப்படித் தொடங்குவதற்குப் பெரிய நம்பிக்கை வேண்டும். உலகம் 71 கோடி டாலர் கொடுத்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது.

இந்தப் படத்தில் கோபா என்றொரு சிம்பன்சி. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவன், உடம்பெல்லாம் அறுத்த தழும்பு, ஒரு கண் பழுது. அணையைச் சரிசெய்து மின்சாரம் எடுக்க மனிதர்கள் வருகிறார்கள். அவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொள்ளட்டும் என்று சீசர் சொல்லும்போது, கோபா தன் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறான். இது மனித வேலை, இதுவும் மனித வேலை. பிறகு அவனே குரங்குகளின் ஊருக்குத் தீ வைத்து, சீசரைச் சுட்டு, பழியை மனிதர்கள்மீது போட்டுப் போரைத் தொடங்குகிறான்.

படம் முடிந்து வரும்போது என் மகள் கேட்டாள்.

"அப்பா, கோபா கெட்டவனாப்பா?"

"அவன் பட்டது பொய்யில்லைம்மா. செஞ்சதும் சரியில்லை."

"அப்ப சீசர் அவனை விட்டுட்டானே, அது?"

உயரத்தில் தொங்கும் கோபாவின் கையைச் சீசர் விட்டுவிடுவதைக் கேட்டாள். தான் எழுதிய சட்டத்தைத் தானே மீறுகிறான் தலைவன். நீ குரங்கே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறான். ஒருவனைக் கொல்வதற்கு முன் அவனை இனத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டியிருக்கிறது. மனிதர்கள் செய்கிற அதே வேலை. நான் மகளிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். வீடு வரும் வரை அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். பழைய தொடரின் வில்லன்கள் கொள்கைக்கு வேடம் போட்டவர்கள். கோபாவுக்கு வரலாறு இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களைத் தூய்மையானவர்களாகக் காட்டிக் கைதட்டல் வாங்காமல், காயம் ஒருவனை என்னவெல்லாம் செய்யும் என்று காட்டியதுதான் இந்தப் படத்தின் நேர்மை.

பாலம் கட்டியவர்கள்

2017இல் வந்த 'வார்' சீசரின் கடைசிப் படம். பெயரில் போர் இருந்தாலும் பெரும்பகுதி ஒரு கைதி முகாமில் நடக்கிறது. கர்னல் ஒருவரின் கீழ் இருக்கும் படை, குரங்குகளைப் பிடித்துவந்து, சோறும் தண்ணீரும் கொடுக்காமல் பெரிய மதில் ஒன்றைக் கட்டவைக்கிறது. மனைவியையும் மூத்த மகனையும் இழந்த சீசர் பழிவாங்கும் வெறியில் இருக்கிறான். செத்த கோபா அவன் கனவில் வருகிறான். கிருமி மாற்றமடைந்து மனிதர்களின் பேச்சைப் பறிக்கத் தொடங்குகிறது. பேச்சிழந்த சிறுமி ஒருத்தியை மாரிஸ் தூக்கிக்கொண்டு வருகிறது. நோவா என்று பெயர் வைக்கிறது. 1968 படத்தில் டெய்லருடன் வந்த ஊமைப் பெண்ணின் பெயர் அது. அன்றைய மனிதர்கள் ஏன் பேசவில்லை என்பதற்குப் பதில் 49 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கிறது.

இந்தப் படத்தை எழுதும் முன் மேட் ரீவ்ஸ் தம் எழுத்துத் துணைவர் மார்க் பாம்பக்கோடு உட்கார்ந்து பார்த்த பழைய படங்களில் ஒன்று 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் கொவாய்'. ஆக, பூலின் ஒரு நாவல் வழி வந்த தொடருக்குள், பூலின் இன்னொரு நாவலும் வந்து சேர்ந்தது.

அந்தக் கொவாய் படத்தை 1957இல் டேவிட் லீன் இலங்கையின் கித்துள்கலவில் எடுத்தார். ஏழு ஆஸ்கர்கள். திரைக்கதைக்கான விருது, அதில் ஒரு வரிகூட எழுதாத பூலுக்குப் போனது. உண்மையில் எழுதிய மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். இருவரும் இறந்த பிறகுதான் அந்த விருது அவர்கள் பெயருக்கு வந்தது. அதே மைக்கேல் வில்சன்தான் 1968 குரங்குப் படத்தின் திரைக்கதையை ராட் செர்லிங்கோடு சேர்ந்து எழுதினார். குரங்குகளின் நீதிமன்றத்தில் டெய்லரைப் பேசவிடாமல் விசாரிக்கும் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு வில்சன்தான் நினைவுக்கு வருகிறார்.

கொவாய் படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் போர்க் கைதிகள். கதை ஒரு பிரிட்டிஷ் கர்னலின் பெருமிதத்தைப் பற்றியது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வேலை செய்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகப் பொதுவான மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் ஏராளம். எங்கள் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவருக்குப் படம்கூடக் கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதியபோதுதான் அந்த மக்கள் கதையின் நடுவுக்கு வந்தார்கள்.

மனிதர் யாரையும் நான் குரங்கோடு ஒப்பிடவில்லை. கதை சொல்லும் முறையைப் பற்றியே பேசுகிறேன். கொவாய் படத்தில் கைதிகளின் துயரம் அதிகாரியின் கண்வழியே வருகிறது. 'வார்' படத்தில் மதில் கட்டுகிறவனின் கண்வழியே வருகிறது. கசையடி வாங்கும் முதுகுக்குப் பக்கத்தில் கேமரா நிற்கிறது. தண்ணீர் கேட்டு ஒரு குரல் எழும்பும்போது, நாமும் தாகத்தோடுதான் கேட்கிறோம்.

குறைகளும் மிச்சமும்

புதிய படங்களில் குறை இல்லாமல் இல்லை. 2011 படத்தில் வில்லின் தோழியாக வரும் ஃபிரீடா பின்டோவுக்குச் செய்ய வேலையே இல்லை. சீசரின் மனைவி கொர்னீலியா நோய்வாய்ப்பட்டுக் குணமாகிறாள், பிறகு கொல்லப்படுகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று மூன்று படங்களிலும் யாரும் கேட்கவில்லை. 1968இல் ஸீராவுக்கு இருந்த வாயும் துணிச்சலும் புதிய தொடரின் எந்தப் பெண் சிம்பன்சிக்கும் கிடைக்கவில்லை. கண் கீழே இறங்கி வந்தும், பாதித் தூரம்தான் வந்திருக்கிறது.

2024இல் வெஸ் பால் இயக்கிய 'கிங்டம்' சீசருக்குப் பல தலைமுறைகள் கழித்து நடக்கிறது. பிராக்ஸிமஸ் என்னும் அரசன் சீசர் பெயரைச் சொல்லியே மற்றக் குரங்குகளை அடிமையாக்குகிறான். விடுதலைக்காகப் பாடுபட்டவரின் பெயர் ஆள்கிறவர்களின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்கிற படம். முந்தைய மூன்றின் உயரம் இல்லை, கேள்வி கனமானது. சீசர் வரைந்த அந்தச் சன்னல், ராக்கா என்னும் ஓராங் ஊத்தானின் கழுத்தில் பதக்கமாகத் தொங்குகிறது. அது சன்னல் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. புனிதச் சின்னம் ஆகிவிட்டது.

2011 தொடங்கி வந்த நான்கு படங்களும் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன; ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. செர்கிஸின் பெயர் நடிகர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் வரவே இல்லை. முகத்தைக் காட்டாமல் நடித்தவனுக்கு விருதளிக்க இன்னும் மனம் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை பார்க்காதவர்கள் 1968 படத்தை முதலில் பாருங்கள். பிறகு 1972இன் 'கான்குவெஸ்ட்'. அதன் பிறகு 2011, 2014, 2017 மூன்றையும் வரிசையாக. கைக்குக் கிடைத்தால் மூல ஒலியிலேயே, எழுத்துத் துணையோடு பாருங்கள். குரங்குகளின் மௌனத்துக்கு அங்கேதான் முழு மதிப்பு இருக்கிறது.

பழைய கதைகளை மறுபடி எடுக்கிற காலம் இது. எடுக்கட்டும். ஆனால் புதிய நடிகர், புதிய சண்டை என்று தொடங்குவதற்கு முன், போன முறை இந்தக் கதையில் வாய் திறக்காமல் நின்றது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். பியர் பூலின் குரங்குக் கதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், சீசர் கிடைத்தான். அவருடைய பாலத்துக் கதைக்கும் யாராவது அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தப் பாதையில் மண் சுமந்த தோட்டத்துத் தமிழன் ஒருவனை நடுவில் வைத்து, உலகம் முழுவதும் பார்க்கிற அளவில், கொவாயை மறுபடி எடுக்க வேண்டும். வழி இருக்கிறது என்று இந்தப் படங்கள் காட்டிவிட்டன. எடுக்க ஆள் வேண்டும்.